சபை மா

இன்னாசித்தம்பியின் வாய் மூட மறுத்தது. பெர்னடெட் புருசனின் பிரேதத்தருகே இருந்து வெள்ளைத் துணியைக் கிழித்து, நாடியின் கீழ் கொடுத்து, உச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் உதடுகள் மறுபடி கொஞ்சம் பிரிந்தன. இரண்டாம் தரம் இறுக்கும்போது ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது. பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றிய மண்ணெண்ணெயின் புகை வேலிக்கு மேலால் வந்தது. வண்டி நிற்காமல் போய்விட்டது.

"அவங்கள்தான்," என்றான் கிறகோரி. "செய்தி போயிட்டுது போலை."

கிறகோரியும் இன்னாசித்தம்பியும் கோயிலின் சூசையப்பர் உதவிச் சபையில் இருந்தவர்கள். தீவுப்பகுதியை ஆமி பிடித்தபோது கடலைக் கடந்து கொழும்புத்துறைக்கு வந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியது அந்தச் சபைதான். அந்தச் சனம் இப்போதும் பள்ளிக்கூட மண்டபத்திலும் ஒழுங்கைக் கொட்டில்களிலும்தான் இருந்தது. இரண்டு மாதமாகக் கஞ்சிக்கும் வழியில்லை. போன கிழமைதான் கப்பலில் வந்த கோதுமை மா கோயிலுக்குக் கிடைத்தது. கோயில் களஞ்சியத்தின் கூரை ஆமி அடித்த செல் விழுந்து பிளந்திருந்ததால், மூடைகளை இன்னாசித்தம்பி தன் வளவின் பின்பக்கத்து வாடியில் அடுக்கினார். படகு எஞ்சின் திருத்துகிற வாடி அது. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு அங்கே திருத்த எஞ்சின் இல்லை.

ஞாயிறு பூசை முடியப் பங்கிடுவதாக இருந்தது. அதற்குள் இயக்கத்தின் அந்தப் பகுதிப் பொறுப்பாளர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, சத்தம் உயர்த்தாத மனிதர். மா தங்களுக்கு வேண்டும், புதன்கிழமை உழவு இயந்திரம் வரும் என்றார்.

"அது சனத்தின்ரை மா, தம்பி," என்றார் இன்னாசித்தம்பி.

"நாங்கள் ஆருக்காக நிக்கிறம் ஐயா? சனத்துக்காகத்தானே."

அதற்குப் பிறகு இன்னாசித்தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. வாடிக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். இன்று புதன்கிழமை. விடியக் கிணற்றடிக்குப் போனவர் துலாக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தார். நெஞ்சுதான் என்றார்கள்.

மூடை வந்த அன்று அவள் ஒரு சுண்டு மா கேட்டிருந்தாள். வீட்டில் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. "அது பசிச்ச சனத்துக்கு," என்றார் அவர். "நாங்களும் சனந்தானே," என்றாள் அவள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வந்த கோபம் இன்னும் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது. பிரேதத்தின் முன்னால் அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிபோலப் பொறுப்பாளர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிரேதத்தின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றார். விறாந்தையில் இருந்த பெண்கள் செபத்தை நிறுத்தினார்கள்.

"நல்ல மனுசன்," என்றார். "இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை அம்மா. செத்த வீட்டிலை கதைக்கிற கதையில்லை அது. நாளைக்குக் காலமை வாறம்."

"ஓம் தம்பி."

"சனம் கூடுற இடம். குண்டு போடப் பொம்பர் வந்தாலும் எண்டு ஒராளை விட்டிட்டுப் போறன். உங்களுக்கு ஒரு உதவியா நிப்பார்."

படலையடியில் பூவரச மரத்தின் கீழ் ஒருவன் வந்து நின்றான். அங்கிருந்து பார்த்தால் வீடும் தெரியும், வாடிக்குப் போகும் பாதையும் தெரியும்.

கிறகோரி குசினிக்குள் வந்து அவள் காதருகே குனிந்தான். "குடுத்திடுவம் அக்கா. அண்ணை போயிட்டார். இனி ஆர் நிண்டு பதில் சொல்லுறது?"

பெர்னடெட் அடுப்பு மூட்டாத குசினியைப் பார்த்தாள். மூலையில் சின்னத்தங்கம் குந்தியிருந்தாள். மண்டைதீவிலிருந்து வந்தவள். மடியில் கிடந்த பிள்ளை அழக்கூட இல்லை. சேலைத் தலைப்பின் நுனியைச் சப்பிக்கொண்டு கிடந்தது. விரல்கள் குச்சிகள்போல இருந்தன.

"சின்னத்தங்கம்."

"என்னக்கா?"

"வாடிக்குப் பின்னாலை வேலியிலை நுழையிற பொட்டு ஒண்டும் இல்லையே?"

"இல்லையக்கா. போன மாசந்தானே அண்ணை புது ஓலை போட்டு அடைச்சவர்."

"ஒரு பொட்டு வை. மாக் கடகம் போற அளவுக்கு."

சின்னத்தங்கம் அவளையும் கிறகோரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓலை பிய்க்கிற சத்தம் கேக்கும் அக்கா."

"நாங்கள் செபமாலை சொல்லுவம்," என்றாள் பெர்னடெட்.

கிறகோரி முகத்தைத் துடைத்தான். வியர்வையா, கண்ணீரா தெரியவில்லை. பிறகு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனான். பூவரசின் கீழ் நின்றவனை ஒழுங்கையைப் பார்க்க இருத்திவிட்டு, வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, சவப்பெட்டி செய்யப் பலகை கிடைக்காத கதையைச் சொல்லத் தொடங்கினான்.

பெர்னடெட் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து செபமாலையைத் தொடங்கினாள். தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் ஓங்கிப் பதில் சொன்னார்கள். ஒருத்தி எழுந்து போனாள். அவள் இடத்துக்கு இன்னொருத்தி வந்தாள். பெர்னடெட் வாடிப்பக்கம் திரும்பவே இல்லை. வந்து முழந்தாளிடும் பெண்களின் கைகளை மட்டும் பார்த்தாள். செபமாலை மணிகள் வெளுத்திருந்தன. நகக்கண்களில் மா இருந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் இன்னாசித்தம்பியின் காலைத் தொட்டு முத்தமிட்டார்கள். கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் காற்சட்டையில் விரல் அடையாளங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவள் தட்டிவிட்டாள். தட்டத் தட்ட அது பரவியது.

கடைசியாகச் சின்னத்தங்கம் வந்து இருந்தாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

பின்னேரம் பெட்டி வந்தது. மூடுவதற்கு முன் பூவரசடியில் இருந்தவனும் எழுந்து வந்தான். எல்லோரையும்போலக் காலடியில் நின்றான். கறுப்புத் துணியை வெகு நேரம் பார்த்தான்.

"பவுடர் கொட்டுப்பட்டுப் போச்சுதோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் பெர்னடெட்.

அவன் தலையாட்டினான். பெட்டி படலையைத் தாண்டும்போது அவன் அங்கே இருக்கவில்லை. கதிரை மட்டும் இருந்தது.

சேமக்காலையில் குழியருகே சுவாமி செபத்தைச் சுருக்கமாக முடித்தார். கோட்டைப் பக்கம் ஹெலி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சனம் மண் போட்டுவிட்டு மரங்களின் கீழால் கலைந்தது. ஒருவரோடொருவர் கதைக்காமல், வழக்கத்தைவிட விரைவாகப் போனார்கள்.

பெர்னடெட் குளித்துவிட்டு ஈரத்தலையோடு குசினி வாசலில் இருந்தாள். பொழுது சரிந்தது. முதலில் ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது அந்த மணம். பிறகு அடுத்த வீட்டிலிருந்து. பிறகு கொட்டில்களிலிருந்து. ஒழுங்கை முழுக்க ரொட்டி வேகிற மணம். சனம் ஒரு நாளாவது சுடாமல் பொறுத்திருக்கலாம். ஆனால் யாரிடம் போய் அதைச் சொல்வது?

சின்னத்தங்கம் வேலிப் பொட்டால் நுழைந்து வந்தாள். தட்டத்தில் ஒரு ரொட்டி இருந்தது. கருகிய விளிம்பு. உப்பும் தண்ணீரும் தவிர வேறொன்றும் போட்டிருக்காது.

"விடியத்திலையிருந்து ஒண்டும் தின்னேல்லை நீங்கள்."

"பிள்ளை திண்டதோ?"

"திண்டிட்டு நித்திரை."

அவள் போய்விட்டாள். பெர்னடெட் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். சூடு. சப்பச் சப்ப இனித்தது. கண் நிறைந்து வந்தது. அவள் இன்னொரு துண்டைப் பிய்த்தாள்.

மோட்டார் சைக்கிள் இந்த முறை படலையடியில் நின்றது. பின்னால், சந்திப் பக்கமிருந்து, உழவு இயந்திரம் ஒன்றின் சத்தமும் கேட்டது. நாளைக்கு வருவதாகச் சொன்ன பொறுப்பாளர் இறங்காமல் இருந்தார். முகத்தைச் சற்று உயர்த்தி ஒழுங்கையின் இந்தத் தொங்கலையும் அந்தத் தொங்கலையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடுறியளோ அம்மா?"

ரொட்டி இன்னும் அவள் வாயில் இருந்தது. தலையை மட்டும் அசைத்தாள்.

"சாப்பிடுங்கோ."

பக்கத்து வீட்டு அடுப்பில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அது சீறி அடங்கியது. அதற்கு அடுத்த வீட்டிலும் ஊற்றினார்கள். மணம் அடங்கவில்லை. அவர் வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.