முதல் பரிசு மீனுக்குச் சீக்கு

தன் மீனுக்கு முதல் பரிசு என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது பிக்குன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் நின்ற புருஷன் சக்தா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தாய்லாந்தின் நகோன் பத்தோமில் அவர்கள் சந்து முழுக்கச் சண்டைமீன் வளர்ப்புதான், பாட்டிலுக்கு ஒரு மீனாக. சந்து முனைப் பலகையில் வருடந்தோறும் கோயில் திருவிழாப் போட்டியில் ஜெயித்தவர் பெயர் ஏறும். பாங்காக் வியாபாரிகள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் வீடு தேடி வருவார்கள். இதுவரை ஏறிய பதினோரு பெயரும் ஆண்கள் பெயர். பிக்குனோ உபோன் பக்கம் நெல் வயலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். துடுப்பு ஓரம் கறுத்தால் அழுகல், செதில் அன்னாசித் தோலாக விரைத்தால் வயிற்றில் நீர், ஒருக்களித்து மிதந்தால் தீனி மிஞ்சிவிட்டது, இரண்டு நாள் பட்டினி போடு என்று பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் நாதியில்லை. வயக்காட்டுக்காரிக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். அந்த வாய்களை அடைக்கத்தான் இந்தச் செம்பு நிற ஆண் மீனை எட்டு மாதம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள்.

ஒரு வாரத்துக்கு முன்பு அவள் போட்டிக்கு ஒப்படைத்த மீன் தேய்த்து வைத்த செம்புப் பானை நிறம். இப்போது மேடையில் இருப்பதோ பொன்னாக மின்னியது. இருபது வருடத்தில் இப்படி ஒரு தகதகப்பைப் பார்த்ததில்லை என்று நடுவர் பிரயூன் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். பிக்குன் பார்த்தது வேறு. மீன் துடுப்பை ஒடுக்கி வைத்திருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. நிமிடத்துக்கு ஒரு முறை விலாவைக் கண்ணாடியில் போய்த் தேய்த்தது.

சக்தாவின் கறுப்புக் குடையைப் பிடுங்கி, கீழே நின்றபடியே மேடை ஓரத்துப் பாட்டிலுக்கு மேல் அதைக் கவிழ்த்துப் பிடித்து, போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தாள். உடம்பு, துடுப்பு, கண் என்று ஓரிடம் விடாமல் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. தூள் சீக்கு. தனியாக எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் தங்கம் மாதிரி ஜொலிக்கும். பொன் நிறத்துக்காக ஏங்கிக் கிடக்கிற ஊரில் அது தங்கமாகவே தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

வாயைத் திறக்காதே, ஒரு வாரம்தானே என்று சக்தா காதைக் கடித்தான். ஜெயித்த மீன் இன்னும் ஒரு வாரம் பார்வைக்கு இருக்க வேண்டும், அதுதான் விதி. பளிச்சென்ற விளக்கு, வெறும் தெளிந்த தண்ணீர், மருந்தாக இலையோ உப்போ போடக் கூடாது. நடுவில் எடுத்தால் பரிசும் போச்சு, ஒரு வருடம் அந்த வீட்டு மீனுக்கு மேடையும் கிடையாது. ஆனால் வெளிச்சத்தில் கொழிக்கிற சீக்கு இது. ஒரு வாரத்தில் பலகையில் பெயர் இருக்கும், பாட்டிலில் பிணம் இருக்கும்.

பிக்குன் மேடை ஏறினாள்.

“வாத்தியாரே, இது தங்கமில்ல, சீக்கு. மீனைக் குடுங்க, கொண்டுபோறேன்.”

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியாரான பிரயூனுக்கு ஊரே இன்னும் வகுப்பறைதான். “ஜெயிச்ச மீனையே சீக்குங்கிற மொத ஆளு நீதாம்மா,” என்றார். “செம்பு மீனு முதிர்ந்தா பொன்னாகும். உங்க வயல்ல நெல்லு பழுக்கிறதில்லையா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“நெல்லு பழுத்தா திங்கலாம். இது பழுத்தா மிதக்கும். செதிலோட நிறம்னா கண்ணு மேல எப்படி ஏறும்? விளக்கடிச்சுப் பாருங்க.”

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒப்படைத்த அன்று எல்லா மீனையும் ஒரே வலையில் அள்ளி ஒரே வாளியில் முக்கினீர்களே, இது தொற்றும், மற்ற மீன்களையாவது பாருங்கள் என்றாள். எடுத்தால் பெயர் ஏறாது என்பதுதான் அவர் பதில்.

“பேரு கெடக்கட்டும்,” என்று பாட்டிலை இடுக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். குடையை எடுத்துக்கொண்டு சக்தா முனகியபடியே பின்னால் வந்தான்.

வீட்டில் அந்தப் பாட்டிலை மற்றவற்றை விட்டுத் தள்ளி, தனி வலையோடு வைத்தாள். காய்ந்த வாதுமை இலை, ஒரு சிட்டிகை உப்பு, மஞ்சள் மருந்துப் பொடி. தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்து, கறுப்புத் துணியால் சுற்றினாள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாள். அதைத் தொட்ட கையால் வேறு பாட்டிலைத் தொடவில்லை. நான்காம் நாள் மீன் அடியில் சாய்ந்துவிட்டது. மீனும் போச்சு, பேரும் போச்சு என்று சக்தா புலம்பினான். அவள் குனிந்து செவுள் அசைகிறதா என்று பார்த்தாள். “இன்னும் போகல,” என்று மட்டும் சொல்லித் துணியை மறுபடி மூடினாள். ஒன்பதாம் நாள் மீன் எழும்பி வந்து ஒரு கொசுப்புழுவை விழுங்கியது. பொன்னெல்லாம் உதிர்ந்து, பழைய செம்பு நிறம் தெரிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குள் மேடைக்குப் போய்வந்த மீன்களெல்லாம் மினுங்க ஆரம்பித்திருந்தன. மறுநாள் காலையில் அவள் வாசலில் நாலைந்து ஆண்கள், சட்டைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பிரயூன் வந்தார், செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலோடு. பார்வைக்கு வைத்திருந்த அவருடைய சொந்த மீன்.

“இதுவும் கொஞ்சம் பொன்னு பூத்திருக்கும்மா. நீ ஒரு பார்வை பார்த்தா…”

“பொன்னுன்னா மேடையில வைங்க வாத்தியாரே, பரிசு கெடைக்கும். சீக்குன்னா என்கிட்ட குடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

பாட்டிலுக்குள் மீன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் இந்த முறை குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“சீக்குதாம்மா,” என்றார், வாய்க்குள்ளேயே.

“மைக்குல என்ன சத்தமா சொன்னீங்க அன்னைக்கு. அந்தச் சத்தத்துல சொல்லுங்க.”

பிரயூன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்து முனைவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். பிக்குன் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.