மிஷின் போக மிச்சம்

சிப்பின் அறுபத்து நாலு கால்களில் ஐம்பத்தொன்பதாவதை ஒட்டும்போது ஈயம் வழிந்து பக்கத்துக் காலையும் பிடித்துக்கொண்டது. மகள் சால்டரிங் அயர்னைத் தூக்கி ஓரமாக வைத்தாள். தன் கண்ணாடிக்கு மேலேயே அம்மாவின் கண்ணாடியையும் மாட்டியிருந்தாள். இரண்டும் சேர்ந்தால்தான் மயிரிழை மாதிரி இருக்கிற அந்தக் கால்கள் தனித்தனியாகத் தெரிந்தன. செம்புப் பின்னலை ஈயத்தின் மேல் வைத்து, சூடு காட்டி, மெதுவாக இழுத்தாள். பின்னல் ஈயத்தை உறிஞ்சிக்கொண்டது. கால்கள் பிரிந்தன. மணி ஒன்றே முக்கால்.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும். அண்ணன் சொல்லிவைத்துவிட்டான்.

அவளுக்குப் பின்னால் கட்டிலில் அம்மா கிடந்தாள். முப்பத்தெட்டு வருஷம் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி ஆள் ஏற்றியவள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சைரன். தொண்டையில் கட்டி என்று குரல்வளையை வெட்டிக் குறைத்தபோது சத்தம் போய்க் காற்று மட்டும் மிஞ்சியது. பிறகு நெஞ்சும் கெட்டு, நாலு மாதமாகக் கட்டிலோரம் ஆக்ஸிஜன் மிஷின். ராப்பகலாக அது இரைந்துகொண்டிருந்தது. அம்மாவின் பேச்சும் காற்று, மிஷினின் பேச்சும் காற்று. காதை வாயருகே கொண்டுபோனாலும் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் குத்துமதிப்பாகத் தலையாட்டிப் பழகிவிட்டார்கள்.

இப்போது தலையாட்டினால் போதாத காரியம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் இறக்கினால் இன்னும் பத்து நாளோ, பதினைந்து நாளோ ஓட்டலாம் என்றார் டாக்டர். ஆனால் அம்மாவைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் கேட்டான், அம்மா தலையாட்டினாள். வீட்டிலேயே இருக்கிறாயா என்று மகள் கேட்டாள், அதற்கும் தலையாட்டினாள்.

"ஒட்டிக்கிட்டே இரு" என்றான் அண்ணன் வாசல்படியிலிருந்து. அவன் பஸ் ஓட்டுகிறவன். மூன்று நாளாக லீவு. "அங்க ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு, இங்க மேடம் ரேடியோ செய்றாங்க."

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்கில்லண்ணா."

துணி துவைக்கும் மிஷின் செய்கிற ஃபேக்டரியில் அவள் இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்யூட் போர்டு ஒட்டுகிறாள். ஒரு நாளைக்கு நானூறு. எந்தப் போர்டு என்ன செய்யும் என்று ஒருவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இது ஒன்றுதான் என்ன செய்யும் என்று தெரிந்து அவள் ஒட்டும் போர்டு. மைக்கில் வருகிற ஒலியை எண்ணாக்கும். அந்த எண்ணிலிருந்து ஆக்ஸிஜன் மிஷினின் எண்ணைக் கழிக்கும். மிச்சத்தை மறுபடி ஒலியாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும். படமும் புரோகிராமும் யாரோ ஒரு புண்ணியவான் இன்டர்நெட்டில் இனாமாகப் போட்டிருந்தார். முதல் போர்டு புகைந்தது. இரண்டாவது தேன்கூடு மாதிரி ரீங்கரித்தது. மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். இது மூன்றாவது.

மூன்று மணிக்கு மீட்டரை வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரண்ட் கொடுத்தாள். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. புகை வரவில்லை. குட்டி மைக்கை அம்மாவின் மார்புத் துணியில் ஊசியால் குத்தினாள். ஸ்பீக்கரில் மிஷின் ஓவென்று அலறியது. லாப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தி, மிஷின் சத்தம் எது என்று போர்டுக்குப் பத்து விநாடி கற்றுக்கொடுத்தாள். கத்தியால் வெட்டினாற்போல் அலறல் நின்றது.

"பேசும்மா."

அம்மாவின் உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. இன்னொரு முறை அசைந்தது. அப்போதும் இல்லை.

"நல்லா வேலை செய்யுது" என்றான் அண்ணன். "மிஷினோட சேத்து அம்மாவையும் நிறுத்திட்ட."

அந்த நக்கல்தான் அவளைப் பிடித்து உலுக்கியது. சேர்த்து நிறுத்தியிருக்கிறது. அப்படியென்றால் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. அவள் பட்டனை அழுத்திய அந்தப் பத்து விநாடியும் அம்மா எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். வழக்கம்போல யாரும் கவனிக்கவில்லை. போர்டின் கணக்கில் இப்போது அம்மாவும் இரைச்சல்.

அவள் மைக்கைக் கழற்றித் தலையணையின் மறுபக்கம் வைத்தாள். பத்து விநாடி பேசாமல் இரு, அசையாமல் இரு என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அண்ணன் இதெல்லாம் வேலைக்காகாது என்று ஆரம்பித்தான். கட்டிலிலிருந்து இன்னொரு கை எழுந்து விரலை நீட்டி அவனை எச்சரித்தது. ஐம்பது வயது ஆள் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அம்மா பத்து விநாடி சேர்ந்தாற்போலச் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

மகள் மைக்கை மறுபடி குத்தினாள்.

"ஃபேனை நிறுத்துங்கடா."

அம்மாவைப் பார்த்துப் போக தினமும் வருகிற நர்ஸம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய குரல் இல்லை; மணலை முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி ஒரு குரல். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் உடையாமல் வந்தது.

"நாலு மாசமா குளிருது குளிருதுன்னு சொல்றேன். மண்டைய மண்டைய ஆட்டிட்டு இன்னும் கூட்டிவிடுறீங்க. ஒருத்தனுக்காவது கூறு இருக்கா?"

அண்ணன் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினான். சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாக இருப்பது நினைவுக்கு வந்து மகள் அதை அணைத்தாள். அண்ணன் கட்டிலருகே மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வருகிறது, போகலாமா என்று கேட்டான்.

அம்மா நர்ஸம்மாவைப் பார்த்தாள். "குழாய் போட்டா பேச முடியுமா?"

முடியாது என்றார் நர்ஸம்மா.

"அப்ப வேணாம். இப்பத்தான் வாய் திரும்பக் கெடச்சிருக்கு."

"அம்மா, நான் எப்படிம்மா கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு..." என்றான் அவன்.

"நீ பாக்க வேணாம் பெரியவனே. பக்கத்துல உக்காந்து கேளு, போதும்."

நாலு மணிக்கு வந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் அம்மாவே பேசினாள். வண்டியைச் சந்துக்குள் மூக்கை விட்டு நிறுத்தியிருக்கிறாயே, எப்படித் திருப்புவாய் என்று கேட்டு, ரிவர்ஸ் எடுக்கக் கட்டிலிலிருந்தே வழி சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, வரவில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சாயந்தரம் வேலை முடிந்த டிரைவர்கள் நாலைந்து பேர் சன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். சைரன் திரும்ப வந்துவிட்டதாம், பஸ் நிலையம் முழுக்க இதே பேச்சாம். அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினாள். திட்டு வாங்கியவர்கள் பரிசு வாங்கியவர்களைப் போல நிமிர்ந்து நின்றார்கள். ஒருவர் மகளைப் பார்த்து, இது எந்தக் கம்பெனி சாமான் என்று கேட்டார்.

"என் பொண்ணு கம்பெனி" என்றது ஸ்பீக்கர்.

மகள் திரும்பிக்கொண்டு மேஜையில் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்தும் திரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிவரைக்கும் அம்மா பேசினாள். நடுநடுவே தூங்கினாள், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசியாக, அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள், அப்பவும் இவன்... என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மகள் போர்டைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போர்டில் ஒரு கோளாறும் இல்லை.

நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் மிஷினை நிறுத்தினார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் தெருச் சத்தம் கேட்டது.

மைக்கைக் கழற்ற அண்ணன் கட்டில்மேல் குனிந்தான். அவன் விரல் பட்டு ஸ்பீக்கர் கரகரத்தது. ஊசி துணியில் சிக்கியிருந்தது. யார் முன்னாலும் கண் கலங்காத ஆள் அவன்; முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். ஆனால் அவன் முகம் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் மூச்சு இழுப்பதும், விடுவதும், விட முடியாமல் நிற்பதும் ஸ்பீக்கர் வழியாகச் சன்னலைத் தாண்டி வெளியே போயிற்று. காலையிலேயே வந்து வெளியே நின்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மகளின் விரல் ஸ்பீக்கர் சுவிட்சின் மேல் இருந்தது. சற்றுப் பொறுத்து, அணைக்காமலே விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியைக் கழற்ற அண்ணனுக்கு வெகுநேரம் ஆயிற்று.