இரண்டு தையல்

மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வந்துவிட்டதைச் சொல்லிவிட்டு அவள் மைக்கை அணைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பாதி தொண்டைக்குப் போனது. மீதி மூக்கு வழியாக இறங்கி, மேசையிலிருந்த நேரப் பட்டியலில் சொட்டியது. நான்கு மாதமாக இதே கதைதான். பதினோரு வருடமாக அந்தப் பேருந்து நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் சொல்கிறவள் அவள். கணீரென்றிருந்த குரல் இப்போது மூக்கில் மாட்டிக்கொண்டு வந்தது. கல்லூரிப் பையன்கள் அதைப்போலவே பேசிக்காட்டிச் சிரித்ததைக் அறிவிப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். மேலாளர் நல்ல மனிதர். அன்று மாலையே கூப்பிட்டு, "கொஞ்ச நாள் தொலைஞ்ச சாமான் பிரிவுல உக்காருங்கம்மா. குரல் சரியானதும் பாத்துக்கலாம்" என்றார். எத்தனை நாள் என்று இருவருமே பேசவில்லை.

எல்லாம் ஒரு மேல் கடைவாய்ப்பல்லில் ஆரம்பித்தது. பிடுங்கியவர் அக்காவின் கணவர், பல் டாக்டரான அத்தான். குடும்பத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் அவருடைய கிளினிக்தான். வாசலில் வருகிறவர்களின் பெயரை எழுதி உட்காரவைப்பது அக்கா. புண் ஆறிவிடும், ஆறிவிடும் என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு வாயில் நாற்றம், கண்ணுக்குக் கீழே வலி. கடைசியில் அக்காதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே வாய் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பல் இருந்த இடத்திலிருந்து மூக்கை ஒட்டிய சைனஸ் குழி வரைக்கும் ஒரு வழி திறந்திருந்தது. "முதல்ல சீழைச் சுத்தம் பண்ணணும். அப்புறம் ஓட்டையை மூடணும். கன்னத்துக்குள்ள எல்லாருக்கும் ஒரு கொழுப்பு உருண்டை இருக்கு. அதை வேரோட வெட்டாம, ரத்த ஓட்டம் கெடாம, மெதுவா இழுத்து ஓட்டை மேல தைச்சுடுவோம். முதல்ல மஞ்சளாத் தெரியும். ஒரு மாசத்துல அது மேலயே தோல் வளந்து ஈறு மாதிரி ஆயிடும்."

"இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சின்ன வயசுலயே சொன்னேன் டாக்டர்" என்றாள் அக்கா. மூன்று பேருமே சிரித்தார்கள்.

"பல்லை யார் எடுத்தது?"

"வெளியூர்ல, டாக்டர்" என்றாள் இவள் முந்திக்கொண்டு. பக்கத்து நாற்காலியில் அக்கா அசையவில்லை.

"வேர் சைனஸ்கிட்ட இருந்தா யார் கையிலயும் இப்படி ஆகும். அது தப்பில்ல. ஆனா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதச் சொன்னா அங்க குமிழி வரும். எடுத்தவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சொல்லியிருந்தா ரெண்டு தையலோட போயிருக்கும்."

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அக்கா கேட்டாள். "மூக்கைப் பிடிச்சு ஊதச் சொன்னாராடி?"

"ஞாபகமில்லக்கா."

ஞாபகம் இருந்தது. இரண்டு முறை ஊதச் சொன்னார். அதன்பிறகு பஞ்சை வைத்து அழுத்தி, "கடிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அறுவை சிகிச்சை அன்று காலை அத்தான் தனியாக வந்தார். படுக்கையருகே உட்காராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேரை வாயைத் திறக்கச் சொன்னவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை.

"அன்னிக்கே தெரியுமா அத்தான்?" அவளே கேட்டாள்.

"தெரியும். சின்ன ஓட்டை தானா மூடிக்கும்மா. நிறையப் பேருக்கு மூடியிருக்கு."

"அடுத்த வாரமும் வந்தேனே."

"வந்தே. அப்போ சொன்னா, முதல் நாளே ஏன் சொல்லலைன்னு உங்க அக்கா கேப்பா. நாள் போகப் போக அந்தக் கேள்விதான் பெருசாச்சு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னை ரொம்பப் பெருசா நினைச்சுட்டிருக்கா அவ."

அவளுக்குக் கோபம் வந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் தணியவில்லை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அக்கா கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அது தெரியும்.

மறுநாள் மதியம் அவள் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. காலையில் டாக்டரம்மா கண்ணாடியில் காட்டியிருந்தாள். தையல்களுக்கு நடுவே வெண்ணெய்த் துண்டுபோல ஒரு மஞ்சள், தன் உடம்பிலிருந்தே வந்த அந்நியம். மூக்கைச் சிந்தக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, இரண்டு நாளைக்குப் பேச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறிய கஞ்சியை அக்கா கரண்டியால் மறுபக்கமாக ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள்.

"நேத்துலேருந்து அவர் சரியாச் சாப்பிடல. கேட்டா ஒண்ணுமில்லங்கறார். நீ பேச வேணாம். எழுது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

பேனாவை வாங்கிக்கொண்டாள். தெரியாது என்று எழுத நான்கே எழுத்துதான். 'அக்கா' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை அக்கா ஒரு கடிதத்தைப் படிப்பதுபோல நெடுநேரம் படித்தாள். தாளை நான்காக மடித்தாள். மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக் கரண்டி ஓரத்தை வழித்து, "வாயைத் திற" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

கட்டிலோரத்துச் சின்ன இரும்பு அலமாரியின் மேல் அக்காவின் போன் அதிரத் தொடங்கியது. திரையில் அத்தானின் முகம். நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அது வழவழப்பான தகட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் கை நீட்டவில்லை.