தைத்த நீச்சலுடை

மழைக்காலம் தன் கடைசி முகில்களையும் இறக்கிவைத்துவிட்டு ஓய்ந்திருந்தது. பெய்த நாட்களின் ஈரம் சுவர்களிலும் மரப்பட்டைகளிலும் தங்கியிருக்க, வரவிருக்கும் பனியோ தயங்கித் தயங்கி ஊர் எல்லையில் நின்றது. வானம் வெளுக்க மனமின்றியும் கறுக்க வலுவின்றியும், நோன்பு நோற்பவர் முகம்போல் அமைதி பூண்டிருந்தது. கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த வள்ளலின் இளைப்பு அந்தப் பருவத்துக்கு இருந்தது.

அத்தகைய விடியல்களில் நகரத்து நீச்சல் குளத்தின்மேல் வெண்ணிற ஆவி எழும். பார்வையாளர் படிகளில் பெற்றோர்கள் போர்வைக்குள் ஒடுங்கி அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் ஒருத்தி மட்டும் பிறர் சட்டைகளை மடியில் விரித்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் தையற்காரி. கணவர் சரக்கு லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். பதின்மூன்று வயது மகளைக் குளத்தில் எல்லாரும் 'வாத்து' என்றே அழைத்தார்கள். தரையில் அவள் நடை அப்படி. நீரில் இறங்கிவிட்டாலோ, கேலி செய்த வாய்களெல்லாம் தாமாக மூடிக்கொள்ளும்.

அந்த மூடிய வாய்களைக் காண்பதற்காகத் தாய் எதையும் செய்தாள். மாதக் கட்டணம், முகாம் கட்டணம், வெளியூர்ப் பயணம் என்று நீச்சல் கிளப் கேட்டபோதெல்லாம் தலையாட்டினாள். சென்ற ஆண்டு, போட்டிக்கென்றே ஓர் உடை வேண்டும் என்றார்கள். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உடை. அதை அணிந்து முடிக்கவே அரைமணி நேரம் பிடிக்கும். அதற்காக அவள், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் தன் ஓவர்லாக் மெஷினை விற்றாள். கிளப்பில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நால்வர் மாறி மாறி நீந்தும் மண்டல ரிலே போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் மகளின் நகம் பட்டு, அவ்வுடை தொடைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துபோயிற்று.

"ரிலேல நாலு பேரும் ஒரே மாதிரி ரேஸ் சூட்லதான் நிக்கணும். புதுசு வாங்கிடுங்க," என்றார் கிளப் செயலாளர். சுண்டினால் சிவக்கும் நிறமும் சிரித்தபடியே அதட்டும் குரலும் உடைய அம்மையார் அவர்.

"பாத்துக்கறேன் மேடம்," என்றாள் தையற்காரி.

புதிய உடையின் விலை அவளுடைய இரண்டு மாத வருமானம். பார்த்துக்கொள்ள அவளிடம் ஊசி ஒன்றுதான் இருந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் ஊசியும் கையுமாக அமர்ந்தாள். மயிரிழை நூலை மெழுகில் இழுத்து, துணியின் இழுவைக்கு இசைந்து கொடுக்கும்படி கோணல் தையலாகப் போட்டாள். முடித்துத் திருப்பிப் பார்த்தபோது, கிழிந்த இடம் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்நாளில் அதைவிட நேர்த்தியாக அவள் எதையும் தைத்ததில்லை.

போட்டி நாளன்று, வீராங்கனைகள் தம் உடைகளை நடுவரின் மேசையில் காட்டிவிட்டுத்தான் அணியவேண்டும். வாத்து தன் முறை வந்ததும் பெருமை தாங்காமல் உடையை உயர்த்திப் பிடித்தாள்.

"சார், இதுல எங்க கிழிஞ்சிருந்துதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்! எங்கம்மா தச்சாங்க!"

நடுவரின் முகம் வாடியது. உள்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார்.

"அருமையான தையல்மா. ஆனா இதப் போட்டு நீ இறங்க முடியாதே. தச்ச சூட்டு, மாத்தின சூட்டு எதுவும் கூடாதுங்கறது விதி."

மகள் உடையைத் திரும்ப வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். படிகளிலிருந்து ஓடிவந்த தாயின் காதில் விழுந்தவை அந்தக் கடைசிச் சொற்கள்தாம். தன் கைத்திறனே மகளின் காலை வாரிவிட்டதாக எண்ணி அவள் குன்றிப்போனாள்.

"வெளிய ஸ்டால்ல விக்குது. உடனே போய் வாங்குங்க," என்றார் செயலாளர். "இல்லேன்னா ரிசர்வ் பொண்ணு இறங்கட்டும். இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்."

காத்திருப்புப் பட்டியலில் இருந்தவள், பள்ளி வேன் ஓட்டுபவரின் மகள். வாத்து விலகினால் இடம் அவளுக்குத்தான். ஆயினும் அந்த வேன்காரர் தையற்காரியின் அருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"வாங்கிடுங்கக்கா. பொண்ணு மொகத்தப் பாருங்க. எங்கிட்ட கொஞ்சம் இருக்கு, தரேன். பணத்துக்கு எப்படியாச்சும் வழி பொறக்கும். நானே டயர் மாத்த வெச்சிருந்த காசுலதானே இவளுக்குச் சூட்டு வாங்கினேன்."

"எந்த டயரு?"

"வேன் டயருதான். வழவழன்னு ஆயிடுச்சு. மழை பேஞ்சா கொஞ்சம் வழுக்கும். மெதுவாத்தான் ஓட்டறேன்."

"அந்த வண்டியில எத்தன புள்ளைங்கண்ணே போவுது?"

 சொன்ன பிறகே சொன்னதன் பொருள் அவருக்கும் உறைத்தது போலும். கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தையற்காரியின் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்தது. தன் ஓவர்லாக் மெஷின் ஒன்றுதான் இந்தக் குளத்தில் கரைந்தது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அவள் நடுவரிடம் திரும்பினாள்.

"ஐயா, தச்சது கூடாது. ஒத்துக்கறேன். ஆனா இந்த வெல ஒசந்த சூட்டுதான் போடணும்னு உங்க விதியில எங்கயாச்சும் இருக்குங்களா?"

"இல்லம்மா. கிழிசல் இல்லாத எந்த நல்ல நீச்சல் டிரஸ்ஸும் போடலாம்."

"அப்போ தெனமும் போடறத மாட்டிட்டு வாடி. ரெண்டு நிமிஷம் போதும் உனக்கு," என்றாள் மகளிடம்.

செயலாளரின் சிரிப்பு மறைந்தது. "பிராக்டிஸ் சூட்லயா? மத்த கிளப்காரங்க என்ன நெனப்பாங்க? நம்ம மானம் என்ன ஆவுறது?"

"கிளப் மானம் எம் பொண்ணு தொடையிலயா ஒட்டிட்டு இருக்கு மேடம்?"

எவரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார். செயலாளர் முகம் சிவக்க, வேன்காரர் பக்கம் கைநீட்டினார். "உங்க பொண்ண ரெடியாகச் சொல்லுங்க."

வேன்காரர் தன் மகளைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். "எம் பொண்ணு எறங்க மாட்டா மேடம்," என்றார் அவர். இம்முறை அவர் குரல் தாழவில்லை.

அதுவரை விசிலைக் கடித்தபடி நின்ற பயிற்சியாளர், அணிப் பட்டியலை நடுவரிடம் நீட்டினார். "பேர் மாறலங்க. அந்தச் சூட்டு மிச்சம் பண்றது கண்ணு மூடித் தெறக்கற நேரம். இவ சுவத்துல திரும்பறப்போ தூங்காம இருந்தா அதவிட ரெண்டு மடங்கு மிஞ்சும். இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

வெளிறிய பழைய உடையில் வாத்து மேடையேறினாள். மின்னும் உடைகளின் நடுவே அவள் தனித்துத் தெரிந்தாள். குதித்தாள். திரும்பும் சுவரில் அன்று அவள் தூங்கவில்லை. தன் பங்கு தூரத்தை அதுவரை கண்டிராத வேகத்தில் முடித்து அடுத்தவளை இறக்கிவிட்டாள். அணி நான்காவதாக வந்தது. பதக்கம் முதல் மூன்று அணிகளுக்குத்தான்.

"பாத்தீங்களா? அந்தச் சூட்டு இருந்திருந்தா மூணாவது வந்திருக்கலாம்," என்றார் செயலாளர், எல்லாப் பெற்றோரும் கேட்கும்படி.

"வந்திருக்கலாம் மேடம்," என்றாள் தையற்காரி. அவள் பேச்சு செயலாளரைக் கடந்து படிகளை நோக்கிச் சென்றது. "நான் மெஷின வித்தேன். இவரு டயரு மாத்தல. உங்கள்ல யாரு எத வித்தீங்கன்னு எனக்குத் தெரியாது. புள்ளைங்க நீந்தறதுக்கு ஆவுற செலவு கொஞ்சந்தாங்க. 'எங்களால முடியாது'ன்னு வாயத் தொறந்து சொல்லக் கூச்சப்படறோம் பாருங்க, அந்தக் கூச்சத்துக்குத்தான் இவ்வளவு வெல. இனிமே எங்கிட்ட அது இல்ல. விதியில இருக்கறத மட்டும் கேளுங்க, தரேன். அதுக்கு மேல கேட்டா, முடியாது."

 படிகளில் ஒரு தந்தை எழுந்தார். "எங்களாலயும் முடியாதுங்க," என்றார். அவரைத் தொடர்ந்து இன்னொரு தாய் எழுந்தாள். மூன்றாவது குரல் எங்கிருந்து வந்தது என்று செயலாளர் தேடிக்கொண்டிருக்கும்போதே நான்காவதும் எழுந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் தையற்காரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டாள். கை நிறைய நீரை அள்ளி, கண்களில் ஒற்றிக்கொண்டு, எஞ்சியதை ஒரு துளியும் சிதறாமல் மீண்டும் குளத்திலேயே விட்டாள். சற்று நேரம் கண்மூடி இருந்தாள். தலை துவட்டியபடி வந்த மகளும் வேன்காரரின் மகளும் அவளருகே அமர்ந்தார்கள். ஈரக் கையை இருவர் தலையிலும் அவள் வைத்தாள்.

"உடுத்தினது என்னன்னு பாக்காமத்தான் தண்ணி எல்லாரையும் தாங்குது. அது ஒங்களயும் தாங்கட்டும். யாருக்கும் கூசாம, தல நிமிந்து, நெடுங்காலம் நல்லா இருங்க."