மூன்றாம் நாள் கரைசல்

2018 மார்ச் 23, வெள்ளிக்கிழமை, அல்மாட்டி. நவுரிஸ் புத்தாண்டு விடுமுறையின் கடைசி நாளன்று அந்த உயிரணு ஆய்வகத்தில் இருவர் மட்டும் இருந்தனர்.

தல்திகோர்கனில் மாமியார் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு பேருந்தில் இறங்கியதும் சல்தனத் நேராக இங்கே வந்துவிட்டாள். மேல்கோட்டை நாற்காலியில் எறிந்தாள், கை கழுவினாள், இன்குபேட்டர் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"விருந்தாளிக்கெல்லாம் டீ ஊத்தி ஊத்திக் கை வீங்கிப் போச்சா, மருமகளே?" என்றான் ஜான்செரிக். பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்தவன், பக்கத்துக் குழுவில் வேலை. அவள் ஊரில் இருந்தபோது அவளுடைய உயிரணு வளர்ப்புத் தட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவன்.

"முதல் தட்டுக்கு நேத்து மருந்து போட்டியா?"

"போட்டேன். பளிச்சுன்னு மாத்தி வெச்சிருக்கேன். ஒரு சொட்டு பழைய மீடியம் கிடையாது."

சல்தனத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு சொட்டு கூடவா?"

"நவுரிஸ் அன்னிக்கு யாராவது பழசை வெச்சிருப்பாங்களா?"

அவன் கை அப்படிப் பழகியது. கரு மூல உயிரணுக்களை எதுவாகவும் மாறாமல் அப்படியே வைத்திருப்பதுதான் அவன் வேலை. அதற்குத் தினமும் மீடியத்தை, அதாவது வளர்ப்புக் கரைசலை, முழுதாக உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். சல்தனத்தின் வேலை நேர் எதிர். அவற்றை இதய உயிரணுக்களாக மாற்றுவது. திங்களன்று முதல் தட்டில் ஒரு சமிக்ஞையைத் தூண்டிவிட்டாள். தொடங்கிய நாளை விட்டு எண்ணி மூன்றாம் நாள், அதாவது வியாழனன்று, அதே சமிக்ஞையை வேறொரு மருந்தால் அடக்க வேண்டும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் உயிரணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு கசியவிட்ட புரதங்கள் எல்லாம் அந்தப் பழைய கரைசலில்தான் இருக்கும். அதில் பாதியாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் பல உயிரணுக்கள் வழி தவறிவிடும் என்று அவனிடம் சொன்னாள்.

"பாதியை வைன்னு நீ சொல்லவே இல்லையே."

"சொல்லலை." போனில், 'மாத்திட்டு மருந்து போட்டுடு' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். பின்னால் மாமியார் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "எடுத்தது எங்கே?"

"பிளீச்சுல கொட்டிட்டேன்."

அடுத்த புதன் காலை மதிப்பீட்டுக் குழு வருகிறது. நுண்ணோக்கியின் கீழ் இதய உயிரணுக்களின் துடிப்பைப் பார்த்தால் சல்தனத்தின் குழு தொடரும். பார்க்காவிட்டால் ஜான்செரிக்கின் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்தானா என்ற கேள்வி அவள் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஜன்னல் வரை நடந்தாள், திரும்பினாள், இன்குபேட்டரின் வெப்ப எண்ணைப் படித்தாள். மாறவில்லை.

இன்குபேட்டரில் இரண்டாவது தட்டு ஒன்று இருந்தது. முன்யோசனையாகச் செவ்வாயன்று தொடங்கியது. அதற்கு இன்றுதான் மூன்றாம் நாள்.

"அதோட பழைய மீடியத்தை எடுத்து முதல் தட்டுல ஊத்து," என்றான் ஜான்செரிக். "இன்னும் உயிரோடதானே இருக்கு?"

"ஒரு நாள் லேட். அதுங்க கேக்கற நேரம் போயிடுச்சு."

"கேக்கும், கேக்காது... ஊத்திப் பாரேன்! புதனுக்கு வேற என்ன காட்டுவே?"

"ஊத்தினா இதுவும் போகும். ரெண்டையும் கெடுத்துட்டு நிக்கணுமா?"

"இது புதனுக்குள்ள துடிக்குமா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள்: எட்டோ ஒன்பதோ நாள் ஆகும்; புதனோ, வியாழனோ. உறிஞ்சு குழாயான பிப்பெட்டை எடுத்தாள். இரண்டாம் தட்டின் ஒவ்வொரு குழியிலும் பழைய கரைசலில் பாதியை விட்டு, பாதிக்கு மட்டும் மருந்து கலந்த புதுக் கரைசல் ஊற்றினாள்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வந்தாள். பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் பார்த்தாள். செவ்வாய் இரவு உறங்கவில்லை.

புதனன்று மதிப்பீட்டுக் குழுவின் மூத்த உறுப்பினர் முதல் தட்டின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு இரண்டாவதின் மேல்.

"எதுவும் அசையலையேம்மா."

"ரெண்டாவது நாளைக்குத் துடிக்கும், ஐயா."

"நாளைக்கு நாங்க ஷிம்கென்ட்ல இருப்போம்."

வியாழன் மாலை இரண்டாம் தட்டின் ஆறு குழிகளில் நான்கு துடித்தன. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழுவின் முடிவு வந்தது. ஏப்ரலில் சல்தனத்தின் இன்குபேட்டர் ஜான்செரிக்கின் அறைக்கு மாற்றப்பட்டது. அவளும் அவன் குழுவில் சேர்க்கப்பட்டாள்.