முந்தானையில் முடிந்த அரிசி

திரையில் நான் அழுதுகொண்டிருந்தேன். வெள்ளை முண்டு, வெள்ளை ரவிக்கை, இடுப்புவரை அவிழ்ந்து கிடக்கும் கூந்தல். அத்தனை அழுகையிலும் மூக்கு ஒழுகாத மகராசி! என் வேஷம் போட்ட அந்த நடிகை மேல் கொச்சி மட்டாஞ்சேரி வெயில் ஒருநாளாவது பட்டிருக்குமா? அரிசிக் கிடங்கில் என்னோடு சேர்ந்து கூட்டிப் புடைக்கிற பேச்சியம்மாள் என் விலாவில் இடித்தாள்.

"ஏட்டி அங்கம்மா, நீ இம்புட்டுச் செவப்பா எப்பட்டி இருந்தே?"

வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

படம் என் புருஷன் சங்கிலிப்பாண்டியைப் பற்றியது. பஜாரில் மூட்டை தூக்கினார், யூனியன் கட்டினார், கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றார். எழுபத்து நாலில் படகுத்துறைப் பக்கம் குத்திப் போட்டார்கள். அன்றிலிருந்து யூனியன்காரர்களுக்கு அவர் உயிர்கொடுத்த தியாகி, அவர்கள் பாஷையில் ரத்தசாட்சி; நான் ரத்தசாட்சியின் விதவை. வருஷத்துக்கு ஒருநாள் அவர் போட்டோவுக்கு மாலை, எனக்கு ஒரு சாயா. பதினோரு வருஷம் கழித்து இப்போது சினிமா.

எடுக்க வைத்தவன் விஸ்வேஸ்வரன். அன்றைக்கு என் புருஷன் பின்னால் கொடி பிடித்து நடந்தவன், இன்றைக்கு யூனியன் தலைவர். முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைதான். படம் தொடங்கும் முன்பே என்னிடம் வந்து குழைந்தான்.

"சேச்சி, படம் முடிஞ்சா மேடையில கேறி நாலு வார்த்த பறயணும். படத்துல கண்டதெல்லாம் சத்தியம்னு சொன்னா போதும். பையனோட கார்டு நாளைக்கே செரியாக்கித் தரேன்."

யூனியன் கார்டு இல்லாமல் பஜாரில் ஒரு மூட்டையைத் தொட முடியாது. என் மகன் முத்துராமலிங்கம் அதற்காக இரண்டு வருஷமாக இவன் வாசலில் நிற்கிறான். சரி என்று தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய?

திரையில் எங்களுக்கு முற்றம் வைத்த வீடு, மல்லிகைக் கொடி. நாங்கள் இருந்த லைன் வீட்டில் அவர் காலை நீட்டினால் பாதம் வாசலுக்கு வெளியே கிடக்கும். சினிமா சங்கிலிப்பாண்டி பெண்டாட்டியிடம்கூட மேடைப் பேச்சுப் பேசினான். என் மனுஷன் வருவார், கப்பக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்பார், குறட்டை விடுவார். நிலா வெளிச்சத்தில் இரண்டு பேரும் தோணியில் போனதாக ஒரு பாட்டு வேறு! தூ!

பிறகு அவர் பிணத்தை முற்றத்தில் கிடத்தினார்கள். நடிகை வெள்ளித் தட்டிலிருந்து அரிசியை அள்ளி அவர் வாயில் போட்டாள். கொட்டகையே விம்மியது. எனக்குச் சிரிப்பு நின்று போனது.

எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணத்தைத் தூக்கும் முன் கட்டினவள் போடுகிற வாய்க்கரிசிதான் புருஷனுக்கு அவள் கொடுக்கும் கடைசிச் சோறு. ஆனால் என் புருஷன் வீட்டுக்கே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே யூனியன் ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடி போர்த்திவிட்டார்கள். கிடங்கில் கூட்டிப் பொறுக்கிய அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன். வாசலில் மறித்தவன் இதே விஸ்வேஸ்வரன்.

"சகாவோட வாயில அரிசியா? இதெல்லாம் அந்தவிசுவாசம், மூடத்தனம் சேச்சி. போட்டோக்காரங்க நிக்கறாங்க, மாறி நில்லு."

காலைப் பிடித்தேன். உதறினான். கோஷத்தோடு அவரைக் கொண்டு போனார்கள். முடிந்த அரிசி முடிந்தபடியே வீட்டுக்கு வந்தது. பசியில் அழுத பிள்ளைக்கு அதையே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நான் தொடவில்லை. அன்றைக்கு மூட நம்பிக்கையாக இருந்தது இன்றைக்குப் படம் ஓடுவதற்கு வேண்டியிருக்கிறதோ? விளங்குவியாடா நீ?

படம் முடிந்து விளக்கெல்லாம் எரிந்தது. மேடையிலிருந்து விஸ்வேஸ்வரன் மைக்கில் அழைத்தான். "இதில் ஒரு சீன்கூடப் பொய்யில்ல. ரத்தசாட்சியோட பாரியா தன்னெ பறயும்!"

எழுந்தேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள் போல.

"வேண்டாம்டி. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிரு. பையன் கார்டு."

எனக்கும் அது தெரியும். ஏறும்போதும் அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. கிடங்கிலிருந்து நேரே வந்திருந்தேன். கூட்டுகிறவர்களுக்கு என்று விடுகிற ஒரு பிடி அரிசி வழக்கம்போல முந்தானையில் கனத்தது. மைக்கை என் பக்கம் திருப்பிய விஸ்வேஸ்வரன், நான் பேசும் முன் ஒரு கோஷம் போட்டுவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. முஷ்டியை உயர்த்தினான்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். கொஞ்சம் தரையில் சிதறியது. மீதியை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினேன். எதிரே போட்டோக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். என் புருஷன் பெயரைச் சொல்ல அவன் வாயை அகலத் திறந்தான்.