கைகோக்காத நான்கு எழுத்துகள்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அரபு நகரமான அம்மானில், ஷுக்ரியின் பழுதுபார்க்கும் கடையில். கைபேசியைச் சரிசெய்யப் போனேன். அது சரியாகவில்லை. முதல் வரி இப்படி இருந்தது: 'மரணம் என்பது ஒரு'

(விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

2
முந்திர் மொழிபெயர்ப்பாளர். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்ததிலிருந்து ஒளிரும் திரையைப் பார்த்தால் நீர் கொட்டுகிறது. மனைவி அர்வா இறந்து நாளை நாற்பதாம் நாள். கூடுகிறவர்கள் முன் அவளைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது, படித்துச் சொன்னவள் அவள்தான். ஆகவே அவளுடைய மின்னூல் ரீடரில் ஒரு கீபோர்டை இணைக்கச் சொல்லி ஷுக்ரியிடம் வந்திருக்கிறார்.

(முதலில் அவரைக் கவிஞராக்கியிருந்தேன். கவிஞருக்கு ஒரு பக்கம் எழுத நாற்பது நாள் ஆகாது. மாற்றிவிட்டேன்.)

3
இணைந்தது. ஒவ்வோர் எழுத்தும் யோசித்து யோசித்து வந்தது, அதுவும் உதிரியாக. அரபி எழுத்துகள் கைகோத்து நடப்பவை. இங்கே ஒன்றையொன்று தொடவில்லை. (நம் கொம்பும் காலும் சில திரைகளில் தனியே போய் நிற்குமே, அந்தக் கோலம்.)

"என்னய்யா இது, சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது?"

"படிக்கிறதுக்குன்னு செஞ்ச சாமான், உஸ்தாத். எழுதச் சொன்னா கோவிச்சுக்குது. புது சாஃப்ட்வேர் போட்டா சேந்துக்கும். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சுரும்."

"உள்ள என்ன இருக்கு?"

"அக்கா படிச்ச புஸ்தகம். அவங்க கோடு போட்ட எடமெல்லாம்."

முந்திர் 'அர்வா' என்று தட்டினார். அந்த நான்கு எழுத்துகள் மட்டும் சரியாக வந்தன. அவை எப்போதுமே அடுத்ததன் கையைப் பிடிக்காதவை.

"இது மட்டும் ஒடையலையே!"

"ஒடையறதுக்கு அதுல என்ன ஒட்டியிருந்துச்சு?" என்று சிரித்த ஷுக்ரி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

4
முடிவுகள்:

அ) அழித்துவிட்டு, சேர்ந்த எழுத்தில் நல்ல பக்கம் ஒன்று எழுதுகிறார்.

ஆ) உதிரி எழுத்திலேயே எழுதி, நாளை திக்கித் திக்கி வாசிக்கிறார். துக்க வீட்டின் சர்க்கரையில்லாத காப்பியோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதை அழுகை என்று நினைக்கிறார்கள்.

இ) அவள் கோடிட்ட வரிகளையே வாசிக்கிறார். (ரொம்ப அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

நான் பார்த்தது இவ்வளவுதான்:

"அழிச்சிரட்டுமா, உஸ்தாத்?"

முந்திர் கண்ணைத் துடைத்தார். அந்தத் திரையில் ஒளியே கிடையாது.

"இரு. கடைசியா எங்க கோடு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு."

ஷுக்ரி தேடிப் பார்த்தார். "ஒரு புஸ்தகத்துல பாதியில இருக்கு. அதுக்கப்புறம் அவங்க படிக்கல."

அடுத்த வாக்கியத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். முந்திர் என்ன சொன்னார் என்று எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்வதானால் மெதுவாகச் சொல்லுங்கள். ஷுக்ரியின் விரல் அழிக்கும் பொத்தான்மேல் இருக்கிறது.